ஃபார்மேட் ஆன கேமரா கார்டு: யாராவது மீட்டதுண்டா?

குளச்சலில் அக்கா மகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை). பந்தி முடிந்து இரவு பத்து மணிக்கு அத்தான் போன் செய்தார். "மக்கா, வேற கார்டுன்னு நெனச்சு இதை ஃபார்மேட் அடிச்சிட்டேன். அக்காகிட்ட சொல்லல, கேட்டியா."

"இனி அதில் ஒரு படம்கூட எடுக்காதீங்க, கழற்றி வையுங்க" என்றேன். விடிந்ததும் தக்கலைக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார். கார்டு சட்டைப் பையில், பாட்டுத்தாளில் பொதிந்து.

கேமராவில் ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் அழிவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான். மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை படங்கள் அங்கேயே கிடக்கும். லினக்ஸில் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்து எது கார்டு, எது என் வட்டு என்று இரண்டு முறை பார்த்தேன். அது மாறியிருந்தால் அக்காவிடம் இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக் கட்டியிருப்போம். அப்புறம் டிடிரெஸ்க்யூ என்ற நிரலை வைத்து 32 ஜிபியையும் ஒரே இமேஜ் கோப்பாக லேப்டாப்பில் நகலெடுத்து, அந்த நகலில், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் நிரலை ஓட்டினேன்.

அது அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற பைட்டுகளில்தான் தொடங்கும். அந்தத் தலையைத் தேடித் தேடிப் படத்தைப் பெயர்த்தெடுக்கும்.

முதலில் திறந்த கோப்பு தபால்தலை அளவு. அத்தான் முகம் செத்துவிட்டது. பெயர் 'டி' (t) என்று தொடங்கினால் அது படத்துக்குள் இருக்கும் சிறு முன்னோட்டம். 'எஃப்' என்று தொடங்குபவைதான் முழுப் படங்கள். கேக் வெட்டியது, கோயில் வாசலில் நின்றது எல்லாம் வந்தன. கூடவே முட்டம் போனபோது எடுத்து எப்போதோ அழித்தவையும்! பழைய பெயர் எதுவும் மிஞ்சவில்லை. படத்துக்குள் பதிவான விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் காட்டிய நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினேன். இரண்டு படங்களில் மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

குலசேகரத்திலிருந்து ஒரு பதில்:

எனக்கு நேர்மாறு அண்ணே. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்து, அப்பாவின் ரப்பர் பால் கணக்கு மொத்தமும் போனது. நான் மூன்று நாள் கழித்துத்தான் உட்கார்ந்தேன். வட்டு எஸ்எஸ்டி. உபுண்டுவில், அழித்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் வாரம் ஒருமுறை தானாக ஓடும், அதற்குள் ஓடிவிட்டது. காலி இடத்தைப் படித்தால் வெறும் பூஜ்யம். ஃபோட்டோரெக் என்ன செய்யும், பாவம்.

அப்பா திட்டவில்லை. வெட்டுக்காரரிடம் இருந்த நோட்டை வாங்கி வந்து மேசையில் போட்டார். "இதப் பாத்துத் திரும்ப அடிடே."