புதுப்பிப்பு: குளத்து வாத்துகளின் தூரத்தைக் கண்ணால் கணிப்பது

வாத்துகளைக் கலைக்காமல் படம் எடுக்க எங்கே நிற்கணும், தூரத்தைக் கருவி இல்லாமல் எப்படிக் கணிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, கரையில் அளந்து பழகச் சொன்ன யோசனைதான். நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தில் மடையிலிருந்து மறுகால் (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) பக்கமாக நாடாவால் 25, 50, 75 மீட்டர் அளந்து, ஒவ்வொரு இடத்திலும் குடத்தை வைத்துப் பார்த்தேன். கண் சீக்கிரமே பழகிவிட்டது.

கையை நீட்டி ஸ்கேலால் அளக்கும் முறையும் சரிதான், ஆனால் பறவை இனம் தெரிந்திருக்கணும். கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்த ஸ்கேலில் பறவையின் நீளம் 6 மி.மீ. என்று தெரிந்தால், 60 செ.மீ. நீளமுள்ள புள்ளிமூக்கு வாத்து 60 மீட்டரில் இருக்கிறது. அதே 6 மி.மீ.க்கு, சுமார் 40 செ.மீ. உள்ள நீலச்சிறகி வாத்து 40 மீட்டரில்தான். பறவை நமக்குப் பக்கவாட்டில் நின்றால் மட்டுமே இந்தக் கணக்கு.

எதிர்பாராதது: திறந்த தண்ணீருக்கு மேல் தூரம் குறைவாகத் தெரிகிறது. அதனால் இப்போது அதே தொலைவில் கரையோரம் நிற்கும் பனையோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறேன்.

அப்புறம், எந்த எண்ணும் முழுப் பாதுகாப்பு இல்லை. மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால், மீட்டர் எவ்வளவு இருந்தாலும் பின்வாங்கிவிடணும். வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு தடவை எழும்பிப் பறப்பதும் சக்திக்கு வீண் செலவு. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்களும் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.