கவுண்டி கண்காட்சிக்கு இளங்கன்றைப் பழக்குவது எப்படி?

மேடிசன்வாசி கேட்டது:

வணக்கம். நாங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகருக்கு அருகில் வசிக்கிறோம். ஃபோர்-எச் (4-H) என்ற சிறார் அமைப்பின் மன்றத்தில் சேர்ந்திருக்கும் எங்கள் பத்து வயது மகள், மாடு வளர்க்க இடமில்லாத பிள்ளைகளுக்கென்று உள்ள குத்தகை முறையில், ஒரு பால் பண்ணையிலிருந்து ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் கிடேரிக் கன்றை எடுத்திருக்கிறாள். கன்று ஏப்ரல் தொடக்கத்தில் பிறந்தது. பிள்ளைகள் விலங்குகளை நடத்திக் காட்டிப் போட்டியிடும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கண்காட்சி ஜூலையில் நடக்கிறது. தலைக்கயிற்றை மாட்டியவுடன் அது நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கிறது, இல்லையென்றால் படுத்துவிடுகிறது. எதிலிருந்து தொடங்க வேண்டும், நடுவர் எதைப் பார்ப்பார் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொட்டில்காரன் எழுதியது:

குளிப்பாட்டுவதையும் முடி வெட்டுவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடக்கப் பழக்குவதுதான் முதல் வேலை. கன்று இப்போதே உங்கள் மகளைவிடக் கனமாக இருக்கும் என்பதால், இழுத்து வெல்லலாம் என்று நினைக்க வேண்டாம். முதலில் சில நாட்கள், யாராவது அருகில் இருக்கும்போது மட்டும், எளிதில் அவிழும் முடிச்சுப் போட்டு, தலை உயரத்தில் சிறிது நேரம் கட்டிவையுங்கள். பிறகு தண்ணீரும் தீவனமும் இருக்கும் திசையை நோக்கி நடத்துங்கள். கயிற்றை மெதுவாக இறுக்கிப் பிடித்துக் காத்திருந்து, கன்று ஓர் அடி எடுத்து வைத்த அந்த நொடியிலேயே தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் கூலி. படுத்துவிட்டால் இழுக்காமல், அது எழும்வரை பொறுமையாக நில்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் எக்காரணம் கொண்டும் மகளை அனுமதிக்காதீர்கள்.

போட்டிகள் இரண்டு வகைப்படும். ஒன்றில் கன்றின் உடலமைப்பை மதிப்பிடுவார்கள். ஷோமேன்ஷிப் என்ற மற்றொன்றில் கன்றைவிடப் பிள்ளையின் திறமையே கணக்கில் வரும். மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்ததால் உங்கள் கன்று வசந்தகாலக் கன்றுகளின் பிரிவில் வரும். மகள் கன்றின் இடப்பக்கம் இருந்துகொண்டு போட்டி நடக்கும் வளையத்தில் வலஞ்சுழியாக நடத்த வேண்டும். நிறுத்தும்போது நடுவருக்கு அருகிலுள்ள பின்னங்கால் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். நடுவர் மறுபக்கம் வந்தால் கால்களை மாற்றி வைக்க வேண்டும் என்பதால், வீட்டில் ஒருவர் நடுவராக நடித்துக் கன்றைச் சுற்றிவந்து தொட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சியாக அமையும். பிறந்த தேதி, தாய், தந்தைக் காளையின் பெயர் ஆகியவற்றையும் கேட்பார்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிவது மரபு. அவற்றைக் கடைசி நிமிடத்தில் உடுத்திவிடுங்கள், கொட்டிலில் வெள்ளை நிலைக்காது.

முடி வெட்டும் இயந்திரத்தின் ஓசைக்குப் பல நாட்கள் முன்பிருந்தே பழக்கிவிட்டு, கண்காட்சிக்கு ஓரிரு நாள் முன்னதாக வெட்டுங்கள். முதுகுக் கோட்டில் மட்டும் முடியை விட்டுவைத்து, அதை நிமிர்த்திச் சீராக்குவது வழக்கம். குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. சோப்பு தோலில் தங்கினால் பொடுகு வரும்.

கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த வயதுக் கன்றுகளுக்குப் படர்தாமரை எளிதில் வரும். முகத்திலோ கழுத்திலோ சாம்பல் நிறத்தில் வட்டமாகப் பொருக்குத் தட்டினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆற வாரக்கணக்கில் ஆகும், ஆறாத புண்ணோடு வரும் கன்றைக் கண்காட்சியில் சேர்க்க மாட்டார்கள். அது மனிதருக்கும் தொற்றும் என்பதால், பிற கன்றுகளுக்குப் பயன்படுத்திய தூரிகையையும் கயிற்றையும் இரவல் வாங்க வேண்டாம். பாலை மறக்கடிப்பதும் தீவனத்தை மாற்றுவதும் பல வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இடம் மாறும் அலைச்சலோடு அவையும் சேர்ந்தால் கன்றுக்குக் கழிச்சல் காணும். புதிய இடத்துத் தண்ணீரின் சுவை பிடிக்காமல் சில கன்றுகள் குடிக்க மறுக்கும். பழகிய வாளியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மேடிசன்வாசி கேட்டது:

இருவருக்கும் மிக்க நன்றி. கண்காட்சியின் முடிவில் விலங்குகளை ஏலம் விட்டு இறைச்சிக்கு அனுப்புவார்கள் என்று பள்ளியில் யாரோ சொன்னதைக் கேட்டதிலிருந்து மகள் கலங்கிப்போயிருக்கிறாள். அது உண்மையா?

கொட்டில்காரன் எழுதியது:

இறைச்சிக்காக வளர்க்கப்படும் எருதுகளுக்கும் பன்றிகளுக்கும் அது பெரும்பாலும் உண்மைதான். அதை மகளிடம் மறைக்க வேண்டாம், பக்கத்துக் கொட்டிலிலேயே அவள் அவற்றைப் பார்ப்பாள். கிடேரிக் கன்றின் நிலை வேறு. அது பண்ணைக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய இரண்டு வயதில் ஈன்று கறவைக்கு வரும். அதே கிடேரியை அடுத்த ஆண்டு மூத்த பிரிவில் மகளே நடத்திவரவும் வாய்ப்பு உண்டு. அதற்கான குத்தகையைப் பண்ணைக்காரரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.