தோப்பை விற்க வேண்டாம் பெரியப்பா

குழு: வேலந்தாவளம் வீடு
ஞாயிறு

பழனிச்சாமி, இரவு 7:40
எல்லாரும் இந்த வீடியோவை முழுசாகப் பாருங்கள். நம் தாரணிக்கு இருக்கிற லூபஸ் நோய்க்கு ஸ்டெம் செல் ஊசியாம். மூன்று ஊசியில் நோய் போய்விடும், அப்புறம் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். போன் போட்டுப் பேசிவிட்டேன், ஆறரை லட்சம். மேற்கே இருக்கிற தோப்பில் அரை ஏக்கரைக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறான். தாரணிக்கு ஆகாத தோப்பு யாருக்கு?

சாந்தி, 7:46
மாமா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வரன் கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று இரண்டு வருடமாக ராத்திரித் தூக்கம் இல்லை. நீங்கள் சொன்னால் சரிதான்.

சரஸ்வதி, 7:51
ஊசிக்கு முன்னால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற வேண்டும் அண்ணா. எங்கள் வேலியில் சீந்தில் கொடி நிறையக் கிடக்கிறது. கஷாயம் வைத்து அனுப்புகிறேன்.

செல்வி, 7:58
பெரியப்பா, இப்போதுதான் டூட்டி முடிந்து காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் எழுதுகிறேன். அத்தை, கஷாயமும் வேண்டாம்.

பழனிச்சாமி, 8:01
நாளைக் காலையில் பத்தாயிரம் கட்டினால்தான் தேதி தருவார்கள் அம்மிணி.

செல்வி, 8:02
தேதி போனால் போகட்டும் பெரியப்பா. எனக்காக ஒரு ராத்திரி பொறுங்கள்.

செல்வி, 9:10
அத்தை சொன்னதில் இருந்து ஆரம்பிக்கிறேன். தாரணிக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து வந்த நோய் இல்லை இது. அது ஆள் மாறி அடிக்கிற நோய். நம் ஊர் செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருகிற திருட்டு வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள், கையில் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரன் வண்டியையே மறித்து உடைத்தால் எப்படி? அவள் ரத்தத்தில் பி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு, அவளுடைய டிஎன்ஏவையே எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் செய்கிறது. அது மூட்டில் படிந்தால் வலி, தோலில் என்றால் கன்னச் சிவப்பு, சிறுநீரகத்தில் என்றால் புரதம் ஒழுகும். அந்தச் செக்போஸ்ட்டுக்குக் கஷாயம் கொடுத்து இன்னும் பலம் ஏற்றுவதா? கொரோனா சமயத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே தைராய்டு மாதிரி, இதே போல ஆள் மாறி அடிக்கிற தொந்தரவு இருந்தது.

சரஸ்வதி, 9:14
சரி சாமி, அனுப்பவில்லை. எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

செல்வி, 9:15
உங்கள் மேல் தப்பே இல்லை அத்தை. நமக்கே முதலில் தெரியவில்லையே. ஆறு மாதம் சிக்குன்குனியா என்று சொல்லித்தானே வலி மாத்திரை விழுங்கினாள்? காலையில் சடை பின்ன விரல் மடங்காமல் என்னிடம் சீப்பை நீட்டினாளே, அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கன்னத்துச் சிவப்பை நெல் அறுப்பு வெயில் என்று விட்டுவிட்டோம். லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறுகிற வயதில். நர்ஸ் நான், எனக்கே அப்போது தோன்றவில்லை.

கார்த்தி, 9:21
அக்கா, ஜெர்மனியில் லூபஸ் குணமானது என்று நானும் படித்தேன். அது பொய்யா? பெரியப்பா அனுப்பியது அதுதானே?

செல்வி, 9:38
பொய் இல்லை கார்த்தி. ஆனால் அது வேறு, இது வேறு. இந்த வீடியோக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்கிறார்கள், அதில்தான் எனக்குக் கோபம்.

ஜெர்மனியில் நடந்தது கார் டி செல் சிகிச்சை. எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கியோர்க் ஷெட் என்பவரின் குழு 2021-ல் முதன்முதலாக 20 வயதுப் பெண் ஒருத்திக்குச் செய்தது. அவளுக்கும் சிறுநீரகம் வரை பாதிப்பு, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அவள் ரத்தத்திலிருந்தே டி செல் என்கிற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பி செல்லின் மேல் இருக்கிற சிடி19 என்ற அடையாளத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். ரத்தப் புற்றுநோய்க்காகக் கண்டுபிடித்த முறை அது. போன டி செல்கள் பி செல்களை மொத்தமாக அழித்தன. செக்போஸ்ட்டில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்புவது போல. மூன்று நான்கு மாதத்தில் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிய பி செல்கள் வருகின்றன. அவர்கள் கையில் அந்தப் பழைய பட்டியல் இல்லை.

2024-ல் 15 பேரின் முடிவை வெளியிட்டார்கள். எட்டுப் பேர் லூபஸ்காரர்கள், எட்டுப் பேருமே மருந்து இல்லாமல் நோய் அடங்கி இருந்தார்கள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் டயாலிசிஸ் வார்டில் நிற்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பழனிச்சாமி, 9:44
அப்படியென்றால் அதையே செய்துவிடலாமே. எவ்வளவு ஆனாலும் பார்ப்போம்.

செல்வி, 9:52
இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது பெரியப்பா. செல்லை ஏற்றுவதற்கு முன் கீமோ கொடுக்க வேண்டும். கடுமையான காய்ச்சல் வரலாம், நோய்த்தொற்று வரலாம். அதனால் வேறு மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்குத்தான் முதலில் பார்க்கிறார்கள். நம் நாட்டிலேயே ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார் டி சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது, ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கு.

நீங்கள் அனுப்பியது தொப்புள் கொடியிலிருந்து எடுக்கிற ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல். லூபஸால் சிறுநீரகம் கெட்ட 18 பேரை வைத்துச் சீனாவில் சோதித்து 2017-ல் எழுதினார்கள். சிலருக்கு ஸ்டெம் செல், சிலருக்கு வெறும் பாவனை ஊசி. கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறையிலும், ரத்த நோய்களுக்குச் செய்கிற மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறது. உண்மையான சோதனை என்றால், நாட்டில் நடக்கிற மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்கிற சிடிஆர்ஐ பதிவேட்டில் எண் இருக்கும், நோயாளியிடம் ஆறரை லட்சம் கேட்க மாட்டார்கள். நாளை அவர்களுக்குப் போன் போட்டு அந்த எண்ணை மட்டும் கேளுங்கள்.

சாந்தி, 9:57
அப்போது என் பிள்ளைக்கு வழியே இல்லையா செல்வி?

செல்வி, 10:03
சித்தி, அப்படிச் சொல்லவே இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் லூபஸுக்கென்று புது மருந்தே வராமல் இருந்து 2011-ல் பெலிமுமாப் வந்தது, 2021-ல் அனிஃப்ரோலுமாப். தேவைப்பட்டால் அவளுடைய டாக்டரிடம் கேட்போம். கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்கும். குழந்தைக்கு முன்னால் ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும், சில மாத்திரைகளை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வரன் கேட்டு வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாரணி, 10:09
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி, 10:10
தாரணி, என்ன கண்ணு? எழுதியதை அழிக்காதே.

தாரணி, 10:18
அக்கா, திட்டாதே. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை மூன்று வாரமாகப் போடவில்லை. மலேரியா மாத்திரை, கண் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஸ்டீராய்டு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. நான்கு நாளாகக் காலையில் சிறுநீரில் நுரை நுரையாக வருகிறது, தண்ணீர் ஊற்றினாலும் போக மாட்டேன் என்கிறது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் ஒரு பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. பெரியப்பா தோப்பை விற்கிறேன் என்றதும் பயந்துவிட்டேன்.

சாந்தி, 10:19
ஏண்டி என்னிடம் சொல்லவில்லை

செல்வி, 10:27
யாரும் அவளைத் திட்ட வேண்டாம். சொன்னதே பெரிய விஷயம்.

அந்த மாத்திரைதான் கண்ணு உனக்கு வேலி. 1991-லேயே கனடாவில் பார்த்துவிட்டார்கள், அதை நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்புவது இரண்டரை மடங்கு. உடம்பில் வாரக் கணக்கில் தங்குகிற மருந்து, அதனால்தான் நிறுத்தியதும் ஒன்றும் தெரியவில்லை. கண் பயம் நியாயம்தான். ஆனால் ஒரு கிலோ எடைக்குத் தினம் ஐந்து மில்லிகிராமுக்குள் இருந்தால் முதல் சில வருடங்களில் பாதிப்பு மிக அபூர்வம். நீ 48 கிலோ, தினம் போடுவது 200 மில்லிகிராம். கணக்குக்குள்தான் இருக்கிறாய். கண் பரிசோதனைக்கு நான் கூட்டிப் போகிறேன்.

இன்றைக்கு ஒரு மாத்திரை மட்டும் போடு, விட்டதற்கெல்லாம் சேர்த்துப் போடாதே. ஸ்டீராய்டை நீயாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. நுரையும் வீக்கமும் சேர்ந்து வந்தால் நாளைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். பிரஷர், ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு, சிறுநீர்ப் புரதம் மூன்றும் பார்ப்பார்கள். சிறுநீரகத்தை இப்போது பிடித்தால் காப்பாற்றலாம், என் வார்டுக்கு வருகிறவர்களில் பலர் தாமதமாக வந்தவர்கள்.

பழனிச்சாமி, 10:34
பணம் கட்டவில்லை. ஆறு மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன். கோயமுத்தூருக்கு எட்டுக்குள் போய்விடலாம். என்னென்ன எடுக்க வேண்டும்?

செல்வி, 10:36
பழைய ரிப்போர்ட் எல்லாம், மாத்திரை அட்டைகள், காலி அட்டையும்கூட. தாரணி, எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து வை. குடை மறக்காதே, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

தாரணி, 10:41
மாத்திரை போட்டுவிட்டேன் அக்கா.

சரஸ்வதி, 10:43
நான் இட்லி கட்டி வைக்கிறேன். ஐந்தரைக்கு வந்து வாங்கிக்கொள் அண்ணா.