ஸ்கேன்ல ட்வின்ஸ்னு சொல்லிட்டாங்க, பயமா இருக்கு

எனக்கு 34 வயசு, முட்டை வளர மாத்திரை எடுத்துதான் கன்சீவ் ஆனேன், ஸ்கேன்ல ரெண்டுன்னதும் வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், எனக்குத்தான் வயித்துல புளியக் கரைக்குது. இப்பல்லாம் எங்க பாத்தாலும் ட்வின்ஸா இருக்கே ஏன்? குழந்தைங்களுக்கு ரிஸ்க்கா?

பதில் 1:
1980கள்ல உலக அளவுல 1000 பிரசவத்துக்கு 9 இரட்டை, இப்ப 12 கிட்ட வந்துடுச்சு. காரணம் ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி முறை), உங்கள மாதிரி மாத்திரை, அப்புறம் லேட்டா பெத்துக்கறது. வயசு ஏறினா முட்டைய வளர வைக்கிற எஃப்எஸ்எச் ஹார்மோன் கூடி ஒரே மாசத்துல ரெண்டு முட்டை வர சான்ஸ் அதிகம்.

பதில் 2:
பயமுறுத்த சொல்லலமா, ட்வின்ஸ்ல பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பொறந்துடும், எனக்கு 33லயே வலி வந்துடுச்சு, நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, ரெண்டும் 2 கிலோகூட இல்ல, 19 நாள் என்ஐசியு (பச்சக்குழந்தைங்க ஐசியு) வாசல்லயே கிடந்தேன். இப்ப ரெண்டும் வீட்டையே ரெண்டாக்குதுங்க 😄

பதில் 3:
நஞ்சுக்கொடி ஒண்ணா ரெண்டான்னு முதல்ல கேளுங்க, அதான் முக்கியம். ஒண்ணேன்னா ஒரு குழந்தைக்கு ரத்தம் கூடவும் இன்னொண்ணுக்கு கம்மியாவும் போகலாம், அதனால 16 வாரத்துலேந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் பாப்பாங்க.

கேள்வி கேட்டவர்:
ரிப்போர்ட் பாத்தேன்கா, தனித்தனியாதான் இருக்காம். அப்பாடா.