தானோட்டத் தொகுப்புக்கு முன்பே பணம் கட்டியாயிற்று. காரின் கணினியை மாற்றவும் நாமே செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: வழிப்போக்கன்

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் புதிய கார் வாங்கியபோது, தானோட்டத் தொகுப்பு (கார் தானாகவே ஓடுவதற்கான மென்பொருள் வசதி) என்று தனியாக விலை குறிக்கப்பட்டிருந்த வசதிக்கும் சேர்த்து முழுத் தொகையையும் கட்டினேன். அந்த வசதி அன்றைக்கு முழுமையாக இயங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு வேண்டிய கேமராக்களும் கணினியும் காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டன, மீதியை மென்பொருள் புதுப்பிப்புகள் பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனத்தின் இணையதளத்திலேயே எழுதியிருந்தார்கள்.

கொஞ்ச காலமாக என் காருக்குப் புதிய பதிப்புகள் வருவதில்லை. சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோது, காரில் பழுது எதுவும் இல்லை என்றும், புதிய பதிப்புகள் இப்போது விற்கப்படும் கார்களின் கணினிக்காக எழுதப்பட்டவை என்றும், பழைய கணினியை மாற்றித்தரும் ஏற்பாடு வந்தால் அதற்கான கட்டணத்தைத் தெரிவிப்பதாகவும் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனெனில் பெயரைச் சொன்னால் பேச்சு அதன் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இடையிலான சண்டையாகிவிடும்.

இந்த மாற்றத்தை இலவசமாகக் கேட்க எனக்கு உரிமை உண்டா? உண்டென்றால், யாரிடம், எந்த அடிப்படையில் கேட்பது?

மறுமொழி: சுற்றுப்பலகை

உரிமையைப் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். அதற்கு முன், நீங்கள் கேட்கப்போவது எந்தப் பொருளை என்பதில் தெளிவு வேண்டும். கார் பற்றிய தகவல் திரையில் 'கூடுதல் விவரங்கள்' போன்ற பகுதியைத் திறந்தால், எந்தத் தலைமுறைக் கணினி பொருத்தப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் காட்டும். கேமராக்கள் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை என்பதையும் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள்.

கேமராவை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், 'கணினி மாற்றம்' என்று எல்லோரும் ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் ஒற்றை வேலையன்று. டெஸ்லா நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 அக்டோபரில் அந்நிறுவனம், தான் தயாரிக்கும் எல்லாக் கார்களிலும் முழுத் தானோட்டத்துக்கான வன்பொருள் இருப்பதாக அறிவித்தது. 2019 ஏப்ரலில் விநாடிக்கு 144 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யக்கூடிய சொந்தக் கணினியை (மூன்றாம் தலைமுறை) அறிமுகப்படுத்தி, தொகுப்புக்குப் பணம் கட்டியிருந்த பழைய கார்களுக்கு அதை இலவசமாகவே பொருத்திக் கொடுத்தது. அந்த மாற்றம் எளிதாக முடிந்ததற்குக் காரணம், புதிய கணினி பழையது இருந்த இடத்திலேயே பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டிருந்ததுதான். 2023இல் வந்த நான்காம் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை: பெட்டியின் வடிவம் வேறு, மின்தேவை அதிகம், கேமராக்களின் தெளிவும் 1.2 மெகாபிக்சலிலிருந்து 5 மெகாபிக்சலுக்கு உயர்ந்துவிட்டது. 2024 இறுதியில் வெளியான தானோட்ட மென்பொருளின் 13ஆம் பதிப்பு நான்காம் தலைமுறைக் கார்களுக்கு மட்டுமே வந்தது.

ஆகவே, பழைய கேமராக்களை அப்படியே வைத்துக்கொண்டு கணினியை மட்டும் மாற்றினால் புதிய காரில் ஓடும் அதே மென்பொருள் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய கேமராப் படங்களுக்கு ஏற்றபடி அதைத் தனியாகப் பயிற்றுவித்துச் சோதிக்க வேண்டியிருக்கும். சிப்பின் விலையைவிட இந்த உழைப்புக்குத்தான் நிறுவனங்கள் அஞ்சுகின்றன என்பது என் கணிப்பு.

மறுமொழி: மாற்றுக்கருத்து

எல்லோரும் 'இலவசம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவராவது மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். இலவசம் என்று ஒன்றும் கிடையாது; பழைய கார்களுக்கு மாற்றித்தரும் செலவை நாளை அதே நிறுவனத்தில் புதிய கார் வாங்குபவர்தான் சுமப்பார். வாங்கும்போதே வசதி முழுமையாக இல்லை என்று தெரிந்துதான் கேள்வி கேட்டவர் வாங்கியிருக்கிறார், அந்த ஐயத்துக்கு ஏற்ற குறைந்த விலையையே அப்போது கொடுத்துமிருக்கிறார். டெஸ்லாவில் இதே தொகுப்பின் விலை 2022இல் 15,000 டாலர் வரை ஏறியது. தொடக்க ஆண்டுகளில் வாங்கியவர்கள் அதைவிட மிகக் குறைவாகவே கட்டினார்கள். குறைந்த விலையின் பயனையும் எடுத்துக்கொண்டு, அந்த விலைக்குக் காரணமாயிருந்த ஐயத்தை மட்டும் விற்றவர் தலையில் கட்டுவது நியாயமா?

தவிர, தொகுப்பை வாங்காத உரிமையாளர்களும் இப்போது இலவசக் கணினி கேட்கிறார்கள். பத்தாண்டுகளில் கணினித் துறை எங்கே போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, விற்ற ஒவ்வொரு காரையும் அந்தந்தக் காலத்துப் புதுமைக்கு ஈடாக வைத்திருக்க வேண்டும் என்றால் எந்த நிறுவனமும் தாங்காது.

மறுமொழி: ஒப்பந்தவரி

மாற்றுக்கருத்து அவர்களின் இரண்டாவது வாதம் பெரும்பாலும் சரியானது, முதலாவது சரியன்று. இந்த வேறுபாட்டில்தான் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

தொகுப்பை வாங்காதவருக்கு எந்தக் கணினியையும் இலவசமாகக் கேட்க அடிப்படை இல்லை. அவர் வாங்கிய கார் வாங்கிய அன்று செய்ததை இன்றும் செய்கிறது. தொகுப்புக்குப் பணம் கட்டியவரின் நிலை வேறு. 'முயன்று பார்க்கிறோம், முடிந்தால் தருகிறோம்' என்று அவருக்கு விற்கவில்லை. 'வேண்டிய வன்பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது' என்று, வருங்காலத்தைப் பற்றியல்லாமல் அன்றைய காரைப் பற்றிய ஒரு கூற்றைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். படிக்கட்டு உள்பட வீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, மாடி ஏறப் போகும்போது படிக்கட்டுக்குத் தனியாகப் பணம் கேட்பவரிடம், கட்டுமானச் செலவு ஏறிவிட்டது என்ற சமாதானம் செல்லாது. மென்பொருள் எப்போது முடியும் என்ற ஐயத்தை வாங்குபவர் ஏற்றுக்கொண்டிருக்கலாம். வன்பொருள் போதுமா என்ற ஐயத்தை ஏற்றுக்கொள்ளும்படி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

டெஸ்லாவின் தலைமை நிர்வாகி ஈலான் மஸ்க் அவர்களே 2025 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, தொகுப்பை வாங்கியவர்களின் மூன்றாம் தலைமுறைக் கணினியை மாற்றிக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றும், அது கடினமான வேலையாக இருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். தொகுப்பை அதிகம் பேர் வாங்காதது நல்லதாயிற்று என்றும் அதே மூச்சில் சொன்னார். அதைக் கேட்டபோது, தொகுப்பை வாங்கியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். வோல்வோ நிறுவனம் அதே ஆண்டில், இஎக்ஸ்90 காரின் முதல் வரிசையை வாங்கியவர்களுக்கு, அடுத்த ஆண்டு மாடலில் வரும் புதிய என்விடியா கணினியை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. ஆகவே 'எந்த நிறுவனமும் தாங்காது' என்பது பொதுவான உண்மையன்று. எத்தனை பேருக்கு, எதற்காக என்பதைப் பொறுத்தது அது.

சட்டத்துக்கு வருவோம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்து விடை பெரிதும் மாறும்.

அமெரிக்காவில் 'ரீகால்' (குறையைச் சரிசெய்ய வாகனங்களைத் திரும்ப அழைப்பது) என்றாலே இலவசம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதுகாப்புக் குறைபாட்டை நிறுவனம் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம், 15 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் வாக்களித்த வசதி வரவில்லை என்பது பாதுகாப்புக் குறைபாடு ஆகாது. 2023 பிப்ரவரியில் டெஸ்லாவின் தானோட்டச் சோதனை மென்பொருளுக்காக 3,62,758 வாகனங்கள் 'ரீகால்' செய்யப்பட்டபோதும், தீர்வாக வந்தது இணையம் வழியான மென்பொருள் புதுப்பிப்புதான். எனவே அந்த வழியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அங்கே உங்கள் அடிப்படை விற்பனை ஒப்பந்தமும், தவறான விளம்பரத்துக்கு எதிரான மாநிலச் சட்டங்களும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருள் விற்பனை விதிகளின்படி, விற்பவர் விளம்பரத்தில் பொதுவெளியில் சொன்னதும் பொருளின் தகுதியை அளக்கும் அளவுகோலாகும். பொருள் அதற்கு ஈடாக இல்லையென்றால், முதலில் செலவில்லாமல் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும், அது முடியாதபோது விலைக்குறைப்போ ஒப்பந்த முறிவோ கேட்கலாம். விற்பவரின் பொறுப்புக்கு அடிப்படைக் காலம் இரண்டு ஆண்டு என்பதால், பழைய கார்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. நான் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் வாங்கினேன். ஒப்பந்தத்தின் நகல் இருக்கிறது. அதில் தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருப்பதை இப்போதுதான் கவனித்துப் படித்தேன். காரின் திரையில் பார்த்தேன், கணினி பழைய தலைமுறைதான். சர்வீஸ் சென்டரில் மாதச் சந்தாவுக்கு மாறினால் ஏதாவது சலுகை கிடைக்கலாம் என்றும் சொன்னார்கள். மாறலாமா?

மறுமொழி: ஒப்பந்தவரி

மாற வேண்டாம். குறைந்தது, எழுத்தில் தெளிவான உறுதி கிடைக்கும் வரை மாற வேண்டாம். முழுத்தொகை கட்டியவரும் சந்தாதாரரும் ஒரே நிலையில் நடத்தப்படுவதில்லை. 2021இல் டெஸ்லா சந்தா முறையைத் தொடங்கியபோது, பழைய கணினி உள்ள கார்களின் சந்தாதாரர்களிடம் புதிய கணினிக்கு 1,500 டாலர் கேட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அதை 1,000 டாலராகக் குறைத்ததே தவிர, விலக்கிவிடவில்லை. அவர்களுடைய கார்களும் 'தேவையான வன்பொருள் உள்ளது' என்ற அறிவிப்புடன்தான் விற்கப்பட்டன. வாங்கிய தொகுப்பைக் கைவிட்டுச் சந்தாவுக்குப் போனால், உங்கள் கையிலிருக்கும் வலுவான ஆவணத்தை நீங்களே பலவீனமாக்கிக்கொள்வீர்கள்.

நடுவர் விதியை அலட்சியம் செய்யாதீர்கள். 2023 செப்டம்பரில், தானோட்ட விளம்பரங்கள் குறித்து டெஸ்லாவுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில் வாதிகளில் பெரும்பாலோரை, அவர்கள் அந்த விதியை ஏற்றுக் கையொப்பமிட்டிருந்ததால், நீதிமன்றம் நடுவரிடமே அனுப்பியது. 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இதே பொருளில் கூட்டு வழக்கை (பலருக்காகச் சேர்த்து நடத்தும் ஒரே வழக்கை) அனுமதித்தபோது, அந்த வாதிகள் குழு பெரும்பாலும் நடுவர் விதியிலிருந்து உரிய காலத்தில் எழுதி விலகியவர்களைக் கொண்டதாகவே அமைந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் விலகும் காலம் முடிந்திருக்கும். ஆனால் இத்தகைய விதிகள் பலவற்றில் சிறு தொகை வழக்குகளுக்கு விலக்கு இருக்கும். அந்த வரி உங்கள் நகலில் இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் தனிநபர்கள் சிறு தொகை வழக்கு மன்றத்தில் 12,500 டாலர் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. காலவரம்பையும் மறக்க வேண்டாம்: விற்பனை ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாக நான்கு ஆண்டுதான், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. அதை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இடையில் ஒரு ஐயம்: இரண்டாம்கை

நான் இதுபோன்ற காரைப் பழைய உரிமையாளரிடமிருந்து தொகுப்போடு வாங்கினேன். எனக்கும் இது பொருந்துமா?

மறுமொழி: ஒப்பந்தவரி

தொகுப்பு காரோடு சேர்ந்து கைமாறும் என்று முதல் ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்டுப்பார்க்க இடமுண்டு. ஆனால் விளம்பரத்தை நம்பி நிறுவனத்துக்குப் பணம் கட்டியவர் நீங்கள் அல்லர் என்பதால், தவறான விளம்பரம் என்ற வாதம் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. விற்பனைப் பத்திரத்தில் தொகுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி: சுற்றுப்பலகை

வழிப்போக்கன் அவர்களுக்கு இன்னொன்று. கடிதம் எழுதும்போது 'இந்தத் தலைமுறைக் கணினியைக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன கேமராச் சிக்கலால், கணினியை மட்டும் மாற்றிவிட்டு 'கொடுத்தாயிற்று' என்று சொல்லக்கூடும். விற்றபோது சொன்ன செயல்பாட்டைக் கேளுங்கள். அதற்கு என்ன வேண்டுமோ அதை அவர்கள் பொருத்தட்டும். முடியாதென்றால் தொகுப்பின் விலையைத் திருப்பித் தரட்டும், அல்லது புதிய காருக்குத் தொகுப்பை மாற்றித் தரட்டும். 2023இல் டெஸ்லா குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி மாற்றிக்கொள்ள அனுமதித்தது; ஆனால் அதற்குப் புதிய கார் வாங்க வேண்டியிருந்தது என்பதால், எனக்கு அது முழுமையான தீர்வாகத் தோன்றவில்லை.

கேள்வி கேட்டவர்: வழிப்போக்கன்

நீங்கள் சொன்னபடி இவ்வாறு எழுதியிருக்கிறேன்: 'இணைப்பில் உள்ள ஒப்பந்தப்படி தானோட்டத் தொகுப்புக்கு முழுத்தொகை செலுத்தியுள்ளேன். விற்பனையின்போது, அதற்குத் தேவையான வன்பொருள் காரில் உள்ளதாகத் தங்கள் இணையதளம் தெரிவித்தது. அப்பக்கத்தின் சேமித்த நகலையும் இணைத்துள்ளேன். அன்று விவரிக்கப்பட்ட செயல்பாட்டை இந்தக் காரில் வழங்கத் தேவையான எல்லா மாற்றங்களையும் கட்டணமின்றிச் செய்துதருமாறும், இயலாதெனில் தொகுப்புக்கான தொகையைத் திருப்பித்தருமாறும் கோருகிறேன்.' இது போதுமா?

மறுமொழி: ஒப்பந்தவரி

போதும். எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பதையும், வாகன அடையாள எண்ணையும் சேருங்கள். மின்னஞ்சலோடு நிற்காமல், ஒப்பந்தத்தில் அறிவிப்புகளுக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். நடுவரிடம் போக நேர்ந்தால் அந்தத் தபால் ரசீது உதவும்.