ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பால்: டெர், டீ, டாஸ் மூன்றையும் மனத்தில் இருத்துவது எப்படி?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு செவிலியர்)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் பணிக்குச் செல்வதற்காக மொழி கற்று வருகிறேன். ஏ2 என்ற தொடக்க நிலையை முடித்து, இப்போது அடுத்த நிலையான பி1 வகுப்பில் இருக்கிறேன். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போவதெல்லாம் தமிழருக்குப் பழகியதுதான் என்பதால் அதில் சிரமமில்லை. பெயர்ச்சொல்லின் பால்தான் பிடிபட மறுக்கிறது. சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு டெர், பெண்பாலுக்கு டீ, இரண்டிலும் சேராததற்கு டாஸ் என்று வர வேண்டும். கரண்டிக்கு டெர், முள்கரண்டிக்கு டீ, கத்திக்கு டாஸ் என்று ஒரே மேசையில் இருக்கும் பொருள்களே மூன்றாகப் பிரிகின்றன. சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் என்ற சொல்லோ டாஸ் என்கிறார்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன். தனியாகக் கேட்டால் சொல்லிவிடுகிறேன், ஆனால் பேசும்போது டெர் என்பது டென் ஆகவும், டீ என்பது டெர் ஆகவும் மாறுவதால் எல்லாம் குழம்பிவிடுகிறது. இதற்கு விதி என்று ஏதேனும் உண்டா, அல்லது மனப்பாடம் ஒன்றுதான் வழியா?

மறுமொழி 1 (சென்னையில் ஜெர்மன் கற்பிப்பவர்)

தமிழில் பொருளைப் பார்த்தே திணையையும் பாலையும் முடிவு செய்கிறோம். அதே பழக்கத்தில் ஜெர்மன் சொல்லின் பொருளில் காரணம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே சொல்லின் வடிவத்தை, முக்கியமாக அதன் முடிவைப் பார்க்க வேண்டும். மேட்ஷென் என்பது டாஸ் ஆனதற்கு, சிறுமை காட்டும் ‘ஷென்’ என்ற விகுதிதான் காரணம். அந்த விகுதி சேர்ந்த எந்தச் சொல்லும் டாஸ்தான்.

உங்கள் துறைச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கு ஆட்முங், தடுப்பூசிக்கு இம்ஃபுங், சிகிச்சைக்கு பெஹாண்ட்லுங்: ‘உங்’ விகுதி பெற்றவை எல்லாம் டீ. நோயைக் குறிக்கும் கிராங்க்ஹைட், குமட்டலைக் குறிக்கும் யூபெல்கைட், கர்ப்பத்தைக் குறிக்கும் ஷ்வாங்கர்ஷாஃப்ட் ஆகியவற்றின் ஹைட், கைட், ஷாஃப்ட் விகுதிகளும் அப்படியே. இன்ஃபெக்ட்சியோன், ஓப்பராட்சியோன், தெராப்பீ, அலெர்கீ, ஆர்த்ரீட்டிஸ், கஸ்ட்ரீட்டிஸ் அனைத்துக்கும் டீ என்றே தயங்காமல் சொல்லலாம். இன்சுலின், பெனிசிலின் போன்ற மருந்துப் பெயர்கள் டாஸ். நோயாளியின் கோப்பில் வரும் சொற்களில் கணிசமானவை இதிலேயே அடங்கிவிடும்.

‘எ’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் டீ: மூக்குக்கு நாஸெ, நுரையீரலுக்கு லுங்கெ, சிறுநீரகத்துக்கு நீரெ, புண்ணுக்கு வுண்டெ. கண்ணைக் குறிக்கும் ஆவ்கெ மட்டும் டாஸ் என்பதைத் தனியாக நினைவில் வைக்கத்தான் வேண்டும். ஓரசைச் சொற்களில் டெர் மிகுதி என்பதை கோப்கெ, சூபின் ஆகிய மொழியியலாளர்கள் 1980களில் விரிவாக ஆராய்ந்து காட்டினார்கள். தலை, கழுத்து, கை, வயிறு, பாதம், பல் ஆகியவற்றுக்கான கோஃப், ஹால்ஸ், ஆர்ம், பௌஹ், ஃபூஸ், ட்சான் அனைத்தும் டெர். ஆனால் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த ஹாண்ட் டீ, காலும் காதும் இதயமும் டாஸ். ஆகவே இதை ஒரு சாய்வு என்று கொள்ளலாமே தவிர விதி என்று கொள்ள முடியாது. ‘எர்’ என்ற முடிவு இதைவிடவும் நம்பத்தகாதது. செய்பவரைக் குறித்தால் டெர் என்பது உறுதி. மற்றபடி காய்ச்சலுக்கான ஃபீபர் டாஸ், கல்லீரலுக்கான லேபர் டீ.

கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்லின் பாலே நிற்கும். இரத்தம் என்ற ப்ளூட் டாஸ், அழுத்தம் என்ற ட்ருக் டெர். ஆகவே ப்ளூட்ட்ருக் டெர்.

மறுமொழி 2 (சூரிக்கிலிருந்து, முதியோர் இல்லப் பணியாளர்)

ஆசிரியர் சொன்ன விகுதிகள் அவசியமானவை. ஆனால் நீங்கள் கேட்ட குழப்பம் வேற்றுமையால் வருவது, அதைப் பட்டியல் தீர்க்காது. ஒவ்வொரு சொல்லையும் மூன்று சிறு வாக்கியங்களோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். காயத்தின் கட்டு ஈரமாக இருக்கிறது என்பதற்கு ‘டெர் ஃபெர்பாண்ட் இஸ்ட் நாஸ்’; கட்டை மாற்றுகிறேன் என்பதற்கு ‘இஷ் வெக்ஸ்லே டென் ஃபெர்பாண்ட்’; கட்டோடு என்பதற்கு ‘மிட் டெம் ஃபெர்பாண்ட்’. நம் இரண்டாம் வேற்றுமைக்கு நிகரான இடத்தில் ஒருமையில் மாறுவது டெர் மட்டுமே. டீயும் டாஸும் அப்படியே நிற்கும். ஆகவே டெர் சொற்களுக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை.

பெண் நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும்போது ‘டெர் பாட்சியென்டின்’ என்று கேட்டால் அது ஆண்பால் அல்ல, டீ என்பதன் நான்காம் வேற்றுமை வடிவம். காது இதற்குப் பழகச் சில மாதங்கள் ஆகும், அதனால் மனம் தளர வேண்டாம்.

இங்கே சுவிட்சர்லாந்தில் டிராமுக்கும் மின்னஞ்சலுக்கும் டாஸ் என்பார்கள். ஜெர்மனியில் இரண்டும் டீ. நீங்கள் ஜெர்மனிக்குப் போகிறவர் என்பதால் அங்குள்ள வழக்கையே பின்பற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலம், சிவப்பு, பச்சை என்று நிறம் தீட்டிப் படிப்பது பயன் தருமா?

மறுமொழி 1

குறிப்பேட்டைப் பார்க்கும்போது நிறம் உதவும். பேசும்போது கண்முன் நிறம் இருக்காது. அதனால் நான் மாணவர்களுக்கு அதைத் தொடக்கத்தில் மட்டுமே பரிந்துரைக்கிறேன்.

அதைவிடப் பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு: பெயர்ச்சொல்லை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதற்குரிய பிரதிப்பெயரைச் சொல்லுங்கள். நாம் எல்லாவற்றையும் ‘அது’ என்று சொல்லிப் பழகியவர்கள் என்பதால் டாஸ் சொல்லுக்குரிய ‘எஸ்’ என்றே வாயில் வரும். டெர் சொல்லுக்கு ‘எர்’, டீ சொல்லுக்கு ‘சீ’ வர வேண்டும். பணிமாற்றத்தின்போது இரத்த அழுத்தம் கூடியிருப்பதைச் சொல்ல ‘எர் இஸ்ட் ட்சு ஹோஹ்’ என்றும், புண் சுத்தமாக இருப்பதைச் சொல்ல ‘சீ இஸ்ட் சௌபர்’ என்றும்தான் சொல்ல வேண்டும். சிறுமியைப் பற்றிப் பேசும்போது இலக்கணப்படி ‘எஸ்’ சரி. ஆனாலும் அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘சீ’ என்பதும் பரவலாக வழங்குகிறது. நாளுக்கு ஐந்து சொற்களை இப்படிச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல்லில் தடுமாறுகிறீர்கள் என்று இங்கே எழுதினால் அவற்றை மட்டும் எடுத்து விளக்குகிறேன்.