நெர்ஹாவில் மதியம் எல்லாக் கடையும் சாத்தியிருக்கு, குழந்தைக்கு என்ன கொடுக்க?

நெர்ஹா புதுசு:
வணக்கம். ஸ்பெயின்ல மாலகா பக்கம் நெர்ஹாவுக்கு வந்து 9 நாள் ஆச்சு. கேஸ் தீர்ந்துபோய் சோறு அரைவேக்காட்டில் நிக்குது. வீட்டு ஓனர் போனை எடுக்கல. கீழே இறங்கினா தெருவே கதவடைச்சிருக்கு. பாப்பா அழுறா. எப்பதான் திறப்பாங்க?

பார்சிலோனா அண்ணன்:
2 மணிக்குச் சாத்தினா அஞ்சு, அஞ்சரைக்குத்தான் தங்கச்சி. நான் 2008ல வந்தப்ப ஒரே ரூம்ல ஆறு பேர். ராத்திரி 7 மணிக்குப் பசிச்சு வெளிய போனா எங்கயும் அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டாங்க. மூணு மாசம் ரொட்டியும் வாழைப்பழமும்தான். பழகிடும்.

அலிகாந்தே தம்பி:
பெரிய நகரம் வேற, கடலோர ஊர் வேற அண்ணா. அக்கா, சாயங்காலம் கடற்கரைக்குப் போங்க. பழைய படகுல மணலைக் கொட்டி விறகு எரிச்சு, நம்ம சாளை மீனை நாணல் குச்சியில கோத்துத் தீயோரமா குத்தி வச்சிருப்பாங்க. எஸ்பெத்தோன்னு பேரு. கல்லுப்பு மட்டும்தான். தோல் வெடிச்சு எண்ணெய் சொட்டும்போது வாங்கிச் சாப்பிடணும்.

நெர்ஹா புதுசு:
நாங்க சைவம். சொல்ல விட்டுப்போச்சு.

வலென்சியா திருச்சிக்காரி:
அப்ப ரொம்பக் கவனம். கறி வேண்டாம்னு சொல்லி வாங்கின பட்டாணியில பன்றித்தொடைத் துண்டு கிடந்துச்சு, சாலட்ல சூரை மீன். "சின் ஹமோன், சின் அதூன்"னு ஒவ்வொண்ணா சொல்லணும். அன்னிக்கு அழுதுட்டேன்.

பார்சிலோனா அண்ணன்:
சாப்பாடாவது கிடைக்கும். வந்த ஒரு மாசத்துக்குள்ள அடையாள அட்டைக்கு எழுதிப் போடணும், அதுக்குச் சித்தா, அதான் அப்பாயின்ட்மென்ட், கிடைக்குதா? ராத்திரி முழுக்க முழிச்சு உட்காரணும்.

அலிகாந்தே தம்பி:
அதுவும் ஆகஸ்ட்ல கேட்கவே வேண்டாம்.

மாலகா அக்கா:
சித்தா கதையை அப்புறம் பேசுவோம், பிள்ளை பசியோட இருக்கு. நெர்ஹா, பெரிய சூப்பர்மார்க்கெட் மதியமும் திறந்திருக்கும். ஹோட்டல்ல இதுதான் மதியச் சாப்பாட்டு நேரம், 4 மணி வரைக்கும் ஓடும். இப்பவே கிளம்புங்க. "பெரென்ஹெனாஸ் கோன் மியெல்" கேளுங்க: கத்தரிக்காயைப் பொரிச்சுக் கரும்புப் பாகு ஊத்தித் தருவாங்க. பக்கத்து ஃப்ரிஹிலியானாவில காய்ச்சுற பாகு, நம்ம வெல்லப்பாகு மாதிரியே இருக்கும். மீன் பொரிச்ச எண்ணெயான்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க.

கேஸ் ஆரஞ்சு சிலிண்டரா, குழாயா? சிலிண்டர்னா காலியைத் தூக்கிட்டுப் பெட்ரோல் பங்க் போங்க. நிறைய இடத்துல மாத்தித் தருவாங்க. 12.5 கிலோ கேஸ், இரும்போட சேர்த்தா கனம் ஜாஸ்தி, தனியாத் தூக்காதீங்க.

நெர்ஹா புதுசு:
ஆரஞ்சுதான் அக்கா. அவர் போய் மாத்திட்டார். பாப்பா ரெண்டாவது தட்டு கத்தரிக்காய் சாப்பிடுறா. கேஸ் ட்யூப்ல 2021னு அச்சடிச்சிருக்கு, அது என்ன?

மாலகா அக்கா:
காலாவதி வருஷம்மா. அடுப்பைப் பத்த வைக்காதீங்க. பழைய ட்யூபைக் கையோட எடுத்துக்கிட்டு ஃபெர்ரெத்தெரியான்னு போர்டு போட்ட இரும்புக் கடைக்குப் போங்க. அஞ்சரைக்குத் திறந்துடுவாங்க.